டெஸ்கியின் நாற்பத்தெட்டாவது நிமிடம்

ஆம்ப்ரோஸ் டெஸ்கி சம்பளத்துக்கு ஐஸ் ஹாக்கி ஆடிய காலம், அவரே சத்தியம் செய்து கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரத்தின்படி, மொத்தம் நாற்பத்தேழு நிமிடம். அந்த நாற்பத்தேழு நிமிடத்துக்கு அவர் இருபத்தைந்து வருடம் தண்டனை அனுபவித்தார். தண்டனை விதித்தவர்கள் அவர் ஆடிப் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் அதை ஆட்டம் என்று ஒப்புக்கொண்டதில்லை.

1937 பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, கோர்லி சுரங்கத்தின் மூன்றாம் குழி வாயிலில், லிப்ட் இயந்திரத்தின் நெம்புகோலை ஒழுங்காக நிறுத்திவிட்டு அவர் இறந்துபோனார். கீழிருந்து வந்த ஆட்கள் பத்திரமாக இறங்கிய பிறகுதான் அவர் சாய்ந்திருப்பதைப் பார்த்தார்கள். தரை உறைந்திருந்ததால் குழி தோண்டச் சுரங்கத்திலிருந்து வெடி கொண்டுவர வேண்டியிருந்தது. அடக்கம் முடிந்த மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து மகள் ஹெஸ்டரிடம் ஆள் வந்தார். அப்பாவைப் பற்றி இரண்டு வரி வேண்டும், முக்கியமாக அந்த ஹாக்கி விஷயம்.

ஹெஸ்டர் சுரங்கத்தின் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். பாறைத் தூளில் வெள்ளி எவ்வளவு என்று சொல்வது வேலை. இருப்பதை இருக்கிறது என்றும் இல்லாததை இல்லை என்றும் எழுத வேண்டும். அப்பா விஷயத்தில் மட்டும் அவள் அதை ஒருமுறை மாற்றி எழுதியிருந்தாள்.

1909-ல் கோர்லிக்கு வயது நான்கு. தேவாலயத்துக்குக் கூரை போடும் முன்பே ஐஸ் கொட்டகைக்குக் கூரை போட்டுவிட்ட ஊர். சுரங்க முதலாளி ஆட்வாட்டருக்கு வெள்ளி தோண்டி அலுத்துவிட்டது, கோப்பை வேண்டியிருந்தது. பைன்ரிட்ஜ், டெமிங் லேண்டிங் என்று பக்கத்துச் சுரங்க ஊர்களுக்கும் அதே நோய். சம்பளத்துக்கு ஆள் பிடித்து ஒரு லீக் ஆரம்பித்தார்கள். கோர்லிக்கு ஆள் சேர்க்கும் பொறுப்பு கேப்டன் லோர்ன் பிங்கலிடம் போயிற்று. பிங்கல் தடுப்பாட்டக்காரர். பந்துக்குப் பதில் இருக்கும் ரப்பர் வட்டைத் தடுப்பதைவிட, வட்டைக் கொண்டுவருகிற ஆளைத் தடுப்பதில் கெட்டிக்காரர்.

அப்போது அணிக்கு ஏழு பேர். ஆறு பேரை பிங்கல் பெரிய ஊர்களிலிருந்து பெரிய சம்பளத்துக்குக் கொண்டுவந்தார். அவர்களில் யூக்ளிட் சார்பனோ என்ற பிரெஞ்சுக்காரர் வந்து இறங்கிய அன்று கடைகளை அடைத்துவிட்டு ரயிலடிக்குப் போனார்கள். ஏழாவது ஆள் ஆம்ப்ரோஸ். அவர் மறுநாள் ரயிலில் வந்தார்.

ஒட்டாவா ஆற்றோரம் ஒரு கம்பளி ஆலையில் சாயத் தொட்டி வேலை, இருபத்திரண்டு வயது, இடது கண்ணில் பார்வை கொஞ்சம் மட்டு. ஆலை அணிக்காக ஆடுவார். அந்த அணி பிங்கலின் பழைய அணியிடம் பதினாலுக்கு ஒன்று என்று தோற்றுப்போய் இரண்டு வாரத்தில் தந்தி வந்தது: நல்ல சம்பளம், ஸ்கேட் எடுத்துக்கொண்டு உடனே வரவும்.

"பதினாலு கோல் வாங்கின கூட்டத்துல உன்னை மட்டும் எப்படிடா கண்டுபிடிச்சான்?" என்று கேட்டாராம் ஆலை மேஸ்திரி.

கண் இருக்கிறவன் கண்டுபிடிப்பான் என்று ஆம்ப்ரோஸ் பதில் சொன்னார். அது உண்மையாகவே இருந்தது. அவர் நினைத்த மாதிரி இல்லை, அவ்வளவுதான்.

அந்த நாளில் ஒரு சட்டம் இருந்தது. ஒரு அணியில் ஆள் அடிபட்டு வெளியே போய், பத்து நிமிடத்தில் எழுந்து வர முடியாவிட்டால், பதில் ஆள் கிடையாது, எதிரணியும் தன் ஆள் ஒருவரை ஐஸிலிருந்து இறக்கிவிட வேண்டும். ஏழுக்கு ஏழு, ஆறுக்கு ஆறு. யாரை இறக்குவது என்பது கேப்டன் இஷ்டம். கனவான்கள் விளையாட்டில் அநியாயம் நடக்கக்கூடாது என்று கனவான்கள் யோசித்து எழுதிய சட்டம். பிங்கலும் அதை நன்றாக யோசித்துத்தான் படித்திருந்தார்.

முதல் ஆட்டம், மூன்றாவது நிமிடம். பைன்ரிட்ஜின் சிறந்த ஆட்டக்காரர் பிங்கலின் இடுப்பில் மோதி, ஐஸைச் சுற்றியிருந்த பலகையில் போய் விழுந்தார். தோள்பட்டை எலும்பு. பத்து நிமிடம் காத்திருந்தார்கள். வரவில்லை. பிங்கல் மட்டையை ஆம்ப்ரோஸ் பக்கம் நீட்டினார்.

"ஆம்ப், நீ இறங்கு."

ஆம்ப்ரோஸ் இறங்கினார். புது ஆள், நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டார். இரண்டாவது ஆட்டத்தில் ஆறாவது நிமிடம் ஒருவருக்கு முழங்கால். ஆம்ப்ரோஸ் இறங்கினார். மூன்றாவது ஆட்டத்தில் நான்காவது நிமிடம், மூக்கு. நான்காவது ஆட்டத்துக்கு அவர் வியர்வை துடைக்கும் துண்டைக்கூட எடுத்துப்போகவில்லை, கம்பளிப் போர்வைதான் எடுத்துப்போனார். அன்று திரும்பும் ரயிலில் பிங்கல் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார், தன்னை எதற்கு எடுத்தீர்கள் என்று.

பிங்கல் மழுப்பவில்லை. "அவங்கள்ல ரொம்ப நல்லா ஆடுறவன் போறான். நம்மள்ல நீ போறே. மிச்ச நேரம் ஆறுக்கு ஆறு. யாருக்கு லாபம்?"

"நான் ஆடணும்னு வந்தேன்."

"தெரியும். அந்தப் பதினாலு கோல் ஆட்டத்துல உங்க கேப்டன் உன்னை வெளிய போன்னு சொன்னார், ஞாபகம் இருக்கா? நீ வாயத் திறக்காம போனே. வேற எவனா இருந்தாலும் மட்டையை வீசியிருப்பான். நல்லா ஆடுறவனை வாங்கிடலாம்டா. கோபப்படாம இறங்குறவன் கிடைக்கிறது கஷ்டம்."

அதற்கும் ஆம்ப்ரோஸ் கோபப்படவில்லை. பிங்கலின் தேர்வு சரி என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

வெள்ளியைச் சோதிக்கும்போது பாறைத் தூளை ஈயத்தோடு சேர்த்து உருக்கி, எலும்புச் சாம்பலில் செய்த சின்னக் கிண்ணத்தில் வைப்பார்கள். ஈயம் அழுக்கையெல்லாம் இழுத்துக்கொண்டு கிண்ணத்துக்குள் இறங்கி மறைந்துபோகும். மேலே ஒரு வெள்ளி மணி நிற்கும். மணியை எடை போடுவார்கள். கிண்ணத்தை எறிந்துவிடுவார்கள். ஹெஸ்டர் கல்லூரியில் இதை முதல்முறை செய்தபோது அப்பாவின் லீக் முறை அவளுக்குச் சட்டென்று விளங்கியது. வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் அதைச் சேர்க்கவில்லை.

ஏழாவது ஆட்டம் டெமிங் லேண்டிங்கில். இதைப் பற்றித்தான் பிறகு இருபத்தைந்து வருடம் பேச்சு. ஆம்ப்ரோஸ் சொல்வது இது. ஐந்தாவது நிமிடம். சார்பனோ அடித்தார். அந்தக் காலத்தில் கோல்கீப்பர் விழுந்து தடுக்கக்கூடாது, நின்றபடிதான் தடுக்க வேண்டும். நின்றபடி காலால் தட்டினார். வட்டு ஆம்ப்ரோஸின் மட்டைக்கே வந்தது. அவர் திருப்பி உள்ளே தள்ளினார். கோலுக்குப் பின்னால் ஐஸ் மேல் நின்ற கோல் நடுவர் கைக்குட்டையை ஆட்டினார். எல்லோரும் ஓடிப்போய் சார்பனோவைக் கட்டிக்கொண்டார்கள். அந்தக் குவியலில்தான் டெமிங் லேண்டிங்கின் ஆள் ஒருவர் பிங்கலிடம் மாட்டி விலா எலும்பு போனது. மட்டை நீண்டது. ஆம்ப்ரோஸ் இறங்கினார்.

பத்திரிகை சொன்னது வேறு. நான்காவது நிமிடத்தில் விலா எலும்பு, டெஸ்கி இறக்கப்பட்டார். ஐந்தாவது நிமிடத்தில் சார்பனோ அற்புதமான கோல். ஆட்டம் நான்குக்கு மூன்று, நான்கும் சார்பனோ அடித்தது. கோர்லி கோப்பையை வென்றது அந்த ஒரு கோல் வித்தியாசத்தில்தான்.

ஆம்ப்ரோஸ் பிங்கலிடம் சொன்னார். பார்த்துக்கொள்ளலாம் என்றார் பிங்கல். சார்பனோவிடம் சொன்னார். அவர் பிரெஞ்சில் ஏதோ அன்பாகச் சொல்லித் தோளில் தட்டினார்.

அடுத்த வருடம் லீக்கே இல்லை. நட்சத்திரங்கள் வேறு ஊர்களுக்கு விலைபோனார்கள். ஆம்ப்ரோஸுக்குத் தந்தி எதுவும் வரவில்லை. கோர்லியிலேயே லிப்ட் இயந்திரத்தில் வேலைக்குச் சேர்ந்தார், தபால் நிலையத்தில் வேலை பார்த்த பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். பிங்கல் முடிதிருத்தும் கடை வைத்தார். ஆட்களைச் சாய்த்துப் பழகிய கை, அந்தத் தொழிலுக்கும் உதவியது.

தண்டனை 1910 ஜூலை பிக்னிக்கில் தொடங்கியது. கயிறு இழுக்கும் போட்டியில் ஆம்ப்ரோஸ் கயிற்றைப் பிடித்ததும் வில்மட் ப்ரௌஸ் வந்து அவர் கையை மெதுவாக எடுத்துவிட்டார். ப்ரௌஸ் வங்கிக் குமாஸ்தா. சம்பளம் வாங்காமல் ஆடுபவர்களுக்கான அமெச்சூர் சங்கத்தின் வட்டாரப் பதிவாளரும் அவர்தான். ஊரில் யார் எந்த விளையாட்டு ஆடுவதானாலும் அவர் கையெழுத்திட்ட அட்டை வேண்டும். காசு வாங்கி ஒரு விளையாட்டு ஆடியவர் ஆயுள் முழுக்க எந்த விளையாட்டும் ஆடக்கூடாது. அதோடு முடியவில்லை. அவரோடு ஆடியவரும் கெட்டுப்போவார். அப்படிக் கெட்டவரோடு ஆடியவரும் கெட்டுப்போவார்.

"அம்மைக்காவது ஊசி இருக்கு, மிஸ்டர் டெஸ்கி," என்று ப்ரௌஸ் வருத்தத்தோடு சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. சட்டத்தை உண்மையாக நம்பினார்.

ஊர் முதலில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1913 டிசம்பரில் ஏரியில் நாலு பேர் ஆம்ப்ரோஸோடு சும்மா வட்டைத் தட்டினார்கள். யாரோ டொராண்டோவில் இருந்த சங்கத்துக்கு எழுதிப்போட்டார்கள். அந்த நாலு பேர் இருந்த தீயணைப்பு அணி முழுக்க ஒரு சீசன் நீக்கப்பட்டது. அதன்பிறகு ஆம்ப்ரோஸ் மட்டையோடு ஐஸில் கால் வைத்தால் எல்லோரும் மரியாதையாக வெளியேறிவிடுவார்கள். மட்டை இல்லாமல் வந்தால் பரவாயில்லை, அது நடை மாதிரி. ஞாயிற்றுக்கிழமைகளில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றிச்சுற்றி வருவார்.

1916-ல் போருக்குப் போன ஹாக்கிக்காரர்களுக்குச் சங்கம் பொது மன்னிப்பு கொடுத்தது. லீக் நடந்த அந்த ஒரே சீசனில் ஒன்பது பேருக்கு எலும்பு முறித்த பிங்கல் பிரான்ஸில் இரண்டு வருடம் இருந்துவிட்டு அமெச்சூராகத் திரும்பினார். சார்பனோ திரும்பவில்லை. ஆம்ப்ரோஸும் போய் வரிசையில் நின்றார். இடது கண்ணைச் சோதித்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கேயும் அவரைத்தான் இறக்கினார்கள் என்று கடையில் சிரிப்பு.

சங்க விதியில் ஒரு சந்து இருந்தது. ஐஸில் வேலை செய்யலாம், விளையாடத்தான் கூடாது. கொட்டகையில் ஐஸ் போடும் வேலையை ஆம்ப்ரோஸ் கேட்டு வாங்கிக்கொண்டார். சறுக்கு வண்டியில் பீப்பாய், பீப்பாய்க்குப் பின்னால் ஓட்டை போட்ட குழாய், அதில் கொதிநீர். குளிர்நீர் விட்டால் ஐஸ் உரிந்து வரும், கொதிநீர்தான் பழைய ஐஸைக் கொஞ்சம் உருக்கி அதோடு ஒட்டும். சுரங்க வேலைக்குப் போகும் முன் தினமும் ஒரு பூச்சு. அந்த வட்டாரத்தில் அவ்வளவு நல்ல ஐஸ் கிடையாது என்பார்கள். இருபது வருடம் ஊரே அதன்மேல் ஆடியது.

ஒவ்வொரு அக்டோபரிலும் அவர் அட்டை கேட்டுச் சங்கத்துக்கு விண்ணப்பம் எழுதுவார். நவம்பரில் முடியாது என்று ஒரே பதில் வரும். ஹெஸ்டருக்கு ஏழு வயதில் அம்மா காய்ச்சலில் போன வருடமும் எழுதினார், அந்த வருடமும் பதில் வந்தது.

கோல் கதையை மட்டும் அவர் விடவில்லை. சனிக்கிழமை பிங்கல் கடையில் முடிவெட்ட உட்காரும்போதெல்லாம் பேச்சு அங்கே வந்துவிடும். அவர் கதவைத் திறந்து நுழைந்ததும் யாராவது ஒருவர் கைக்குட்டையை எடுத்து ஆட்டுவார், கோல் நடுவர் மாதிரி. அது ஊர் வழக்கமாகிவிட்டது. தபால்காரர் ஆட்டுவார், ஒருமுறை பாதிரியாரும் ஆட்டினார். பிங்கல் சிரிப்பார், கத்தரியை நிறுத்த மாட்டார்.

1934-ல் சங்கம் விதியைத் திருத்தியது. முன்பு சம்பளம் வாங்கியவர், தான் உண்மையில் போட்டியில் குறிப்பிடும்படி பங்கெடுக்கவில்லை என்று ஆதாரத்தோடு நிரூபித்தால் அட்டை கிடைக்கும். ஹெஸ்டர் அந்த வருடம்தான் சோதனைக்கூடத்தில் சேர்ந்திருந்தாள். விதியை இரண்டுமுறை படித்தாள்.

"அப்பா, இது உங்களுக்காகவே எழுதின மாதிரி இருக்கு."

பத்திரிகை அலுவலகத்தில் 1909-ன் பழைய இதழ்கள் கட்டிவைத்திருந்தார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து குறிப்பெடுத்தாள். பதினோரு ஆட்டம், ஆட்டத்துக்கு அறுபது நிமிடம். ஒவ்வொன்றிலும் எதிரணிக்கு யார் எப்போது அடிபட்டார், டெஸ்கி எப்போது இறக்கப்பட்டார் என்று பத்திரிகை தவறாமல் எழுதியிருந்தது. மொத்தம் அறுநூற்று அறுபது நிமிடத்தில் அவர் ஐஸில் நின்றது நாற்பத்தேழு. நூற்றுக்கு ஏழு பங்கு. அடித்த கோல் எதுவுமில்லை. சம்பளம் வாங்கியது உண்மை, ஆனால் வாங்கியது பெஞ்சில் உட்கார்ந்ததற்கு. பெஞ்சில் உட்காருவது விளையாட்டு இல்லை. நல்ல வாதம். எழுதி முடித்து, அட்டவணையோடு அப்பா முன்னால் வைத்தாள்.

அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு விரல் வைத்துப் படித்தார். ஏழாவது வரியில் விரல் நின்றது.

"டெமிங் லேண்டிங் அஞ்சு நிமிஷம், ஹெட்டி. நீ நாலு போட்டிருக்கே. மொத்தம் நாற்பத்தெட்டு."

"பத்திரிகையில நாலுன்னுதான் இருக்கு, அப்பா."

"பத்திரிகைக்காரன் அன்னிக்கு அடுப்புப் பக்கத்துல உக்காந்திருந்தான். நான் ஐஸ்ல இருந்தேன்."

ஒரு நிமிடம்தானே என்று விட முடியவில்லை. அந்த ஐந்தாவது நிமிடத்தில்தான் கோல். நான்கு என்று போட்டால் கோல் விழுந்தபோது அவர் பெஞ்சில் இருந்தார். ஐந்து என்று போட்டால் கோப்பையை வென்ற கோலை அடித்த சம்பள ஆட்டக்காரர். அவருக்கு எந்தக் காலத்திலும் அட்டை கிடையாது. ஹெஸ்டர் இதை அப்பாவுக்கு விளக்கத் தேவையிருக்கவில்லை. அவர் ஏற்கெனவே ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். அங்கிருந்து கொட்டகையின் தகரக் கூரை தெரியும்.

"நீ என்ன நினைக்கிறே? நான் போட்டேனா இல்லையா?"

ஹெஸ்டர் உண்மையைச் சொன்னாள். "எனக்குத் தெரியாதுப்பா. ஆதாரம் இல்ல."

அந்தப் பதிலை அவள் பிறகு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்தாள். அதில் பிழை ஒன்றும் இல்லை. அதனால்தான் அது போகவில்லை.

அவர் இரண்டு நாள் அந்தத் தாளைத் தொடவில்லை. மூன்றாம் நாள் சவரம் செய்து, ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, வங்கியில் ப்ரௌஸின் மேஜைக்கு முன்னால் போய் நின்றார். பைபிள் மேல் கை வைத்தார். நாற்பத்தேழு நிமிடம், கோல் எதுவும் அடிக்கவில்லை என்று ப்ரௌஸ் உரக்கப் படித்தார். வங்கியில் ஆறேழு பேர் இருந்தார்கள். ஆம்ப்ரோஸ் கையெழுத்திட்டார். வெளியே வந்ததும் ஹெஸ்டரிடம், பேனா நிப் மாற்ற வேண்டிய நிலையில் இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை முடிவெட்டப் போனார். யாரும் கைக்குட்டையை எடுக்கவில்லை.

இருபத்தைந்து வருடம் அடித்தேன் அடித்தேன் என்று அவர் சொன்னபோது நம்பாத ஊர், அடிக்கவில்லை என்று சத்தியம் செய்ததும் நம்ப ஆரம்பித்துவிட்டது. ஆம்ப்ரோஸ் பொய்ச் சத்தியம் செய்கிற ஆளில்லை, அப்படிப்பட்டவரே அட்டைக்காக இப்படிச் செய்திருக்கிறார் என்றால் கோல் நிஜம்தான் என்று பேசிக்கொண்டார்கள். தபால்காரர் அது இடதுபக்கத்திலிருந்து தள்ளிய கோல் என்று விவரிக்கவே தொடங்கிவிட்டார். 1909-ல் அவர் பிறந்திருக்கவில்லை. ஆம்ப்ரோஸ் எதிரில் மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை, அட்டை வரும்வரை. பிங்கல் அவர் தலையை வழக்கத்தைவிட மெதுவாக வெட்டினார்.

1935 ஜனவரியில் அட்டை வந்தது. மஞ்சள் அட்டை, நீல முத்திரை. அதை அவர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சுரங்கத்துக்குப் போனார்.

பிப்ரவரி இரண்டாவது சனிக்கிழமை மதியம் பழைய ஆட்டக்காரர்களின் ஆட்டம். மேல்தெருவுக்கும் கீழ்தெருவுக்கும், பழைய வழக்கப்படி பக்கத்துக்கு ஏழு பேர், இருபது இருபது நிமிடமாக இரண்டு பாதி, ஆட்டம் நின்றாலும் நேரம் ஓடும். கீழ்தெருவில் ஆம்ப்ரோஸ், நாற்பத்தெட்டு வயது. மேல்தெருவில் பிங்கல், ஐம்பத்து நாலு. நடுவர் ப்ரௌஸ், அந்தக் குளிரில் விசில் உதட்டில் ஒட்டும் என்பதால் கையில் மணி. ஹெஸ்டர் பலகைக்குப் பின்னால் நின்றாள். சோதனைக்கூடத்துக் கடிகாரம் கோட்டுப் பையில் இருந்தது, மணி அடித்ததும் ஓடவிட்டாள். காலையில் அந்த ஐஸைப் போட்டதும் ஆம்ப்ரோஸ்தான்.

அவர் சுமாராகத்தான் ஆடினார். வட்டு இடதுபக்கம் வந்தால் பார்க்கவில்லை. ஆனால் மட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். இத்தனை வருடம் அந்தக் கைகள் ஐஸில் பின்னால் கட்டியே இருந்து அவள் பார்த்திருந்தாள்.

ஒன்பதாவது நிமிடம் பிங்கல் தன் ஸ்கேட்டே தடுக்கி விழுந்தார். இந்தமுறை வேறு யாருக்கும் அடியில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முடியாமல் இருந்தவரை இரண்டு பேர் தூக்கிக்கொண்டுபோய் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். கொட்டகையில் ஒரே பெஞ்சுதான்.

ஆட்டம் மறுபடி தொடங்கப் போகும்போது கீழ்தெரு ஆட்கள் ஆளை எண்ணினார்கள். ஒருவர் குறைந்தார். ஆம்ப்ரோஸ் யாரும் சொல்லாமலே சறுக்கிக்கொண்டுவந்து, பலகைக் கதவைத் திறந்து, மட்டையை முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு பிங்கல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டிருந்தார். முதுகை நேராக வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்த விதத்தில் பழக்கம் தெரிந்தது.

ப்ரௌஸ் மணியோடு வந்தார். "உங்களை யாரும் அனுப்பலையே, மிஸ்டர் டெஸ்கி?"

"அந்தப் பக்கம் ஒரு ஆள் போயாச்சே."

"அந்தச் சட்டத்தை எடுத்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. அவங்க வேற ஆளைப் போட்டுக்குவாங்க."

ஆம்ப்ரோஸுக்கு அது தெரியும். ஐஸ் போட்டுவிட்டு ஆயிரம் ஆட்டம் பார்த்தவர். தலைக்குத் தெரிந்ததை யாரும் காலுக்குச் சொல்லவில்லை. இரண்டு பக்கத்திலும் சிரித்தார்கள். பிங்கல் சிரிக்கவில்லை. முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தவர் கையை எடுத்தார்.

"ஆம்ப், டெமிங் லேண்டிங் கோல் உன்னோடதுடா. நான் பாத்தேன். பத்திரிகைக்காரன் கேட்டப்போ யூக்ளிட் பேரைச் சொன்னதும் நான்தான். அவன் நிமிஷத்தைத் தப்பா எழுதினதைப் பாத்துட்டு அப்படியே விட்டதும் நான்தான். உன் பேரைச் சொல்லியிருந்தா அடுத்த ஆட்டத்துல உன்னை இறக்க ஆட்வாட்டர் விட்டிருக்க மாட்டார். உன்னை இறக்காம நமக்குக் கோப்பை இல்ல."

ப்ரௌஸ் மணியின் நாக்கை விரலால் பிடித்துக்கொண்டு நின்றார். பலகைக்குப் பின்னால் இருந்தவர்களுக்கும் அது கேட்டிருந்தது. கோல் உண்மையென்றால் சத்தியம் பொய். சத்தியம் பொய்யென்றால் அட்டை செல்லாது. அட்டை செல்லாதென்றால் ஐஸில் நிற்கிற பன்னிரண்டு பேரும், ஊர் டாக்டர் உட்பட, இந்த நிமிடமே கெட்டுப்போனவர்கள். கூடச் சேர்ந்து நின்ற நடுவரும்தான்.

ஆம்ப்ரோஸ் இருபத்தாறு வருடம் கேட்கக் காத்திருந்த வார்த்தை அது. அதைக் கடையில், கைக்குட்டைகளுக்கு நடுவில் பிங்கல் எந்தச் சனிக்கிழமை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். அவர் திரும்பி ஹெஸ்டரைப் பார்த்தார். அவள் அவர் கண்ணைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்தாள். அதைப் பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"இல்ல, லோர்ன்," என்றார். "அது யூக்ளிட் போட்டது. அப்போ நான் பெஞ்சுல இருந்தேன். தாள்ல இருக்கு."

ஆம்ப்ரோஸ் மட்டையை ஊன்றி எழுந்தார்.

"நான் உள்ளே போகலாமா, மிஸ்டர் ப்ரௌஸ்?"

ப்ரௌஸ் மணியிலிருந்து விரலை எடுத்தார். "போங்க," என்றார். "உங்க ஆட்கள் காத்துட்டிருக்காங்க."

அவர் உள்ளே போனார். கோல் எதுவும் அடிக்கவில்லை. இரண்டாவது பாதியில் ஒருமுறை நல்ல வாய்ப்பு வந்தது, பலகையில் அடித்தார். கீழ்தெரு தோற்றது. வீட்டுக்கு நடந்து வரும்போது, மூலையில் ஐஸ் கொஞ்சம் மெல்லிசாக இருக்கிறது, நாளைக்கு இன்னொரு பூச்சு போட வேண்டும் என்று சொன்னார். கோலைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. அடுத்த வருடம் அவருக்கு மூச்சு வாங்கியது, ஆட்டத்துக்குப் பெயர் கொடுக்கவில்லை. ஐஸ் மட்டும் போட்டார்.

பத்திரிகைக்கு ஹெஸ்டர் எழுதிக் கொடுத்த இரண்டு வரியில் கோல் இல்லை. அன்று ஐஸில் நின்றவர்களில் பதினொரு பேர் இன்னும் உயிரோடு அட்டை வைத்திருக்கிறார்கள். ஆம்ப்ரோஸ் டெஸ்கி, லிப்ட் இயந்திர இயக்குநர், கொட்டகையில் ஐஸ் போட்டவர், அமெச்சூர். அப்படித்தான் அச்சாயிற்று.

பிறகு சோதனைக்கூடத்துக்குப் போய், தன் குறிப்பேட்டை எடுத்தாள். அதில் பென்சில் கூடாது, மைதான். எழுதியதை அழிக்கக் கூடாது. தேதி போட்டாள்.

அமெச்சூர்: முப்பத்தெட்டு நிமிடம். இரண்டு நிமிடம் பெஞ்சில் போயிற்று.

தொழில்முறை: நாற்பத்தெட்டு.